வீட்டில் யாரிடமாவது சொன்னாயா?

கல்லூரி மாணவர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சுகாதார வகுப்பு எடுப்பார்கள். அந்த வகுப்பால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மதுரையில் ஒரு கல்லூரியின் சமூகப்பணித் துறையில் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். வகுப்புக்கு முன்பு பிள்ளைகளுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுப்போம். இரண்டு மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கொடுப்போம். இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை எழுத வேண்டும். மேலூரிலிருந்து சமயநல்லூர் வரை பள்ளிகள் சிதறிக் கிடந்தன. டவுன் பஸ்ஸில்தான் போவேன், தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு.

கேள்விகளைத் தயாரித்ததும் நான்தான். பெரும்பாலானவை யாரும் கேட்கக்கூடியவை. கையை எப்போது கழுவ வேண்டும், கொசு எங்கே முட்டையிடும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் என்ன செய்ய வேண்டும். இரண்டாவது தாளில் மட்டும் வரும் பதினாலாவது கேள்வி என் சொந்த யோசனை. "வகுப்பில் கற்றதை வீட்டில் யாரிடமாவது சொன்னாயா? ஆம் / இல்லை." அதற்குக் கீழே கோடு போட்டு, "யாரிடம், என்ன சொன்னாய்?" என்று சேர்த்திருந்தேன். திட்டத்தை நடத்திய பேராசிரியைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "மார்க் வாங்குறது பெருசில்ல, விஷயம் வீட்டுக்குப் போய்ச் சேருதா, அதுதான் முக்கியம்" என்று எல்லாரும் இருந்த கூட்டத்தில் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகும் அந்த வார்த்தைகளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் எல்லாப் பள்ளிகளையும் மிஞ்சி நின்றது பரவைப் பக்கத்தில் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு. அங்கே வகுப்பெடுத்தவன் இரண்டாம் ஆண்டு மாணவன். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். கூச்சமே கிடையாது. கொசுவாகப் பறந்து காட்டுவான், இருமுகிற ஆளாக நடித்துக் காட்டுவான். பிள்ளைகள் அவனை அண்ணே, அண்ணே என்று மொய்த்துக்கொள்வார்கள். மற்ற மாணவர்கள் சான்றிதழுக்காக வந்துபோனார்கள். இவன் மட்டும்தான் வகுப்பு முடிந்தும் பஸ் ஸ்டாப் வரைக்கும் பிள்ளைகளோடு நடந்து வருவான்.

இரண்டாவது கேள்வித்தாளைக் கொடுக்க நான்தான் போனேன். பெஞ்சுக்கு நான்கு பேர் என்று நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் கடைசி பெஞ்சில் மட்டும் ஒரு பெண் தனியாக இருந்தாள். இரட்டைச் சடை, மெலிந்த கை. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதாமல் இருக்க ஆசிரியை அப்படி உட்கார வைத்திருப்பார் என்று நினைத்தேன். முதலில் எழுதி முடித்ததும் அவள்தான். தாளை வாங்கிப் பார்த்தேன், எல்லாமே சரி. "வெரி குட்" என்றேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. நான் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

கோட்டின் மேல் பிள்ளைகள் எழுதுவதை யாரும் கணினியில் ஏற்ற மாட்டார்கள். ஆம், இல்லை என்பதை எண்ணலாம், வாக்கியத்தை எப்படி எண்ணுவது? அந்தக் கோடுகளை நானும் படிக்கப்போவதில்லை என்றுதான் இருந்தேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் போட, பிள்ளைகளின் சொந்த வார்த்தைகளில் நாலைந்து வரி வேண்டும் என்று பேராசிரியை கேட்டதால்தான் பரவைப் பள்ளித் தாள்களை எடுத்துப் பிரித்தேன். அந்த வகுப்பில் ஏறக்குறைய எல்லாருமே பதினாலாவது கேள்விக்கு "ஆம்" போட்டிருந்தார்கள்.

முதல் தாளில் இருந்தது: "அம்மாவிடம் சொன்னேன். எங்க கிளாஸ் பிள்ளையோட அப்பாவுக்கு டி.பி." அடுத்தது: "அம்மாச்சியிடம் சொன்னேன். அவங்க வீட்டில் தண்ணி குடிக்கக் கூடாது." மூன்றாவது, நான்காவது எல்லாம் அதேதான், எழுத்து மட்டும் வேறு. ஒரு பையன் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருந்தான்: "அப்பாவிடம் சொன்னேன். அப்பா மார்க்கெட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்."

சுகாதாரக் கேள்விகள் இருந்த முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். "காசநோய் வந்தவரை ஒதுக்கி வைக்கலாமா?" என்று ஒரு கேள்வி இருந்தது. அத்தனை பிள்ளைகளும் "கூடாது" என்று சரியாக டிக் அடித்திருந்தார்கள்.

கடைசி பெஞ்சுப் பெண்ணின் தாளைத் தேடி எடுத்தேன். பதினாலாவது கேள்வியில் முதலில் "ஆம்" போட்டு, அதை அழித்துவிட்டு "இல்லை" போட்டிருந்தாள். அழுத்தி அழித்ததில் அந்த இடத்தில் தாள் நைந்திருந்தது. கோடு காலியாக இருந்தது.

அங்கே வகுப்பெடுத்த மாணவனைத் துறைக்கு வரச் சொன்னேன். தாள்களை அவன் முன் வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தான். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அக்கா, நான் எடுத்ததுலயே அதுதான் நல்ல கிளாஸுன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றான்.

நடந்ததைச் சொன்னான். காசநோய்ப் பாடத்தின்போது, "உங்க வீட்டுல யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். அந்தப் பெண் கையைத் தூக்கியிருக்கிறாள். எழுந்து நின்று, "எங்கப்பாவுக்கு ரெண்டு மாசமா இருமுதுண்ணே, சளியில ரத்தம் வந்துச்சு" என்று சொல்லியிருக்கிறாள். இவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா, இதுதான் விழிப்புணர்வு. எல்லாரும் கை தட்டுங்க" என்றிருக்கிறான். வகுப்பே தட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டும் எழுதி அவள் கையில் கொடுத்தான். பாடத்தின் முடிவில் வழக்கம்போல, "இன்னைக்குக் கத்துக்கிட்டத வீட்டுல போய்ச் சொல்லணும், சரியா?" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

"கிளாஸுல வச்சு அப்படிக் கேக்கச் சொல்லி யாரு சொன்னா?" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"கையேட்டுல இருக்கேக்கா."

இருந்தது. "மாணவர்களின் வீட்டு அனுபவங்களைக் கேட்டுக் கலந்துரையாடவும்." அந்தக் கையேட்டை அச்சுக்குப் போகும் முன் எழுத்து எழுத்தாகப் படித்துத் திருத்தியது நான். ஒற்றுப்பிழைகளை எல்லாம் பிடித்திருந்தேன்.

வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வளர்ந்தது தெற்குமாசி வீதிப் பக்கத்தில், சௌராஷ்டிரம் பேசுகிற கூட்டுக் குடும்பம். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பெரியப்பாவுக்கு அந்த நோய் வந்தது. அவருடைய தட்டும் டம்ளரும் அடுப்படி ஜன்னலில் தனியாக இருக்கும். யாராவது கேட்டால் ஆஸ்துமா என்று சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் கேட்டபோது நான் தடுமாறாமல் சொன்னேன். அதற்காக அம்மா எனக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். பெரியப்பா மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, பிறகு பல வருடம் நன்றாகவே இருந்தார். தட்டு மட்டும் கடைசி வரை ஜன்னலிலேயே இருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான்தான், வீட்டு விஷயத்தை வகுப்பில் பேசலாம், வகுப்பு விஷயத்தை வீட்டில் பேசலாம், எல்லாம் நல்லதற்கே என்று நம்பிக் கேள்வி எழுதியிருந்தேன்.

மறுநாள் இருவரும் பள்ளிக்குப் போனோம். வகுப்பாசிரியை எங்களை வராந்தாவிலேயே நிறுத்திப் பேசினார்.

"அந்தப் பிள்ளை மூணு வாரமா வரல மேடம். டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க. மேலூர்ல அவங்க சித்தி வீட்டுல விட்டுருக்காங்களாம்."

அவராகவே தொடர்ந்தார். "தனியா உக்கார வச்சது நான்தான். ஒளிக்க ஒண்ணும் இல்ல. அஞ்சாறு அம்மாக்க வந்து கேட்ல நின்னுட்டாக. எங்க பிள்ளைய அதுகூட உக்கார வச்சா நாங்க அனுப்ப மாட்டோம்னு. நீங்க வந்து ஒரு கிளாஸ் எடுத்துட்டுப் போயிருவீங்க. மறுநாள் இங்க நிக்கிறது நான்தானே?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பெண்ணின் வீட்டு முகவரியை அவன் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். போய் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "நீங்க வராட்டி நான் தனியாப் போறேங்க்கா" என்று கிளம்பிவிட்டான். நானும் பின்னால் போனேன்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒற்றை அறை வீடு. வாசலில் அந்தப் பெண்ணின் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தார். கல்லூரியிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் அலசுவதை நிறுத்தினார். அவனையே பார்த்தார்.

"கை தட்ட வச்சது இந்தத் தம்பிதானா?"

"ஆமாக்கா" என்றான்.

"இப்ப எதுக்கு வந்தீக? இன்னும் என்ன எழுதணும்?"

உள்ளேயிருந்து, "வரட்டும் விடு" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. அவளுடைய அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். தோள் அகலமாக இருந்தது, உடம்பு வற்றியிருந்தது. எங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போடச் சொன்னார். அவருடைய மனைவி அசையாததால் அவரே எழுந்து போட்டார்.

"தம்பி, நடந்தத நடந்தபடி சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "நீங்க சீட்டு எழுதிக் குடுக்காட்டி நான் ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டேன். எம்மகதான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஒண்ணும் செய்ய முடியாதுன்னாரு டாக்டரு. இப்ப மாத்திரை ஒழுங்காத் திங்கிறேன். ரத்தம் நின்னுருச்சு. சோறு இறங்குது."

"உசுரு பொழச்சுச்சு. ஊரு போச்சு" என்றார் மனைவி வாசலிலிருந்து.

மார்க்கெட்டில் நடந்ததை அவர் சொன்னார். வாயால் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் டீக்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், அவருக்கு மட்டும் பேப்பர் கப். மறுநாள், அவரோடு ஜோடி போட்டுத் தூக்குகிற ஆள் வேறு லாரிக்குப் போய்விட்டான். மூன்றாம் நாளிலிருந்து, "அண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று அன்பாகவே சொல்லி அனுப்பினார்கள்.

"அதக்கூடத் தாங்கிக்கலாம் தம்பி. எம்மக ஒருநாள் கேக்கறா, நான் கிளாஸுல சொல்லாம இருந்தா உனக்கு வேலை போயிருக்காதுல்லப்பான்னு. சொல்லாம இருந்தா நானே போயிருப்பேன்னு அவளுக்கும் தெரியும். தெரிஞ்சும் கேக்கறா. அதுக்கு என்ன பதில் சொல்ல? நீங்க படிச்சவுக, சொல்லுங்க."

அவன் அழுதுவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன செய்யணும்ணே?" என்று கேட்டான்.

"மார்க்கெட்டுக்கு வந்து சொல்லுங்க. ஒழுங்கா மாத்திரை தின்னுட்டு வாரேன், இனி யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நான் சொன்னா நம்ப மாட்டாய்ங்க. நீங்க சொன்னா கேப்பாய்ங்க."

சனிக்கிழமை பதினொரு மணிவாக்கில், லாரி வரத்து குறைகிற நேரம் பார்த்துப் போனோம். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவனிடம் அன்று நடிப்பு எதுவும் இல்லை. நின்ற இடத்தில் நின்று, மெதுவான குரலில் சொன்னான். மாத்திரை ஆரம்பித்தபின் நோய் எப்படி அடங்குகிறது, டாக்டர் என்ன சொல்லியிருக்கிறார், அவர் குடித்த கிளாஸில் டீ குடிப்பதால் ஒன்றும் வராது. யாரும் குறுக்கே பேசவில்லை. பொறுப்பாளர் மாதிரி இருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. அவன வேணாம்னு யாரும் சொல்லலயே. வரட்டும்" என்றார், அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்து.

நாங்கள் ரோட்டுக்கு வந்தபோது பின்னால் ஒருவர் வேகமாக வந்தார். நாற்பது வயதிருக்கும். "தம்பி, ஒரு நிமிசம். எனக்கும் ஒரு மாசமா விட்டுவிட்டு இருமுது. சாயந்தரமானா உடம்பு காயுது. இது அதுவா இருக்குமோ?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவன் பையிலிருந்து தாளை எடுத்தான். "அதுவாத்தான் இருக்கணும்னு இல்லண்ணே. சளி டெஸ்ட் எடுத்தாத் தெரிஞ்சிரும். எங்க போகணும்னு எழுதித் தாரேன். யாருக்கும் சொல்ல வேணாம், நான் கூட வாரேன்."

அந்த நேரம் உள்ளேயிருந்து யாரோ, "என்ன மாப்ள, அங்க என்ன பேச்சு?" என்று கூப்பிட்டார்கள். அந்த மனிதர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"ஒண்ணுமில்லடா, டைம் கேட்டேன்" என்று திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். பிறகு எங்களிடம், "சும்மாதான் கேட்டேன் தம்பி. எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எழுதிய சீட்டு அவன் கையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று முறை அவன் மார்க்கெட்டுக்குப் போய் அந்த ஆளைத் தேடினான். ஒருமுறை கண்ணில் பட்டார். இவனைப் பார்த்ததும் லாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அவர் பரிசோதனைக்குப் போனாரா இல்லையா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தத் திட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் அவர்தான்.

பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. தாள்களை வாங்கி முழுவதும் படித்தார்.

"இத அப்படியே எழுதினா அடுத்த வருஷம் திட்டம் இருக்காது" என்றார். "திட்டமே இல்லாம இருந்திருந்தா அந்தப் பிள்ளையோட அப்பா இப்ப உயிரோட இருந்திருப்பாரா? அதையும் சேத்து யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அச்சில் அது ஒரு வரியாகிவிட்டது. "சில இடங்களில் நோய் குறித்த தயக்கம் காணப்பட்டது." வீட்டில் சொன்ன பிள்ளைகளைக் காட்டும் அட்டவணையில் பரவைப் பள்ளிதான் முதலிடம். அந்த வரிசையை எடுத்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "பிள்ளைங்க சொன்னது உண்மைதானே? நம்பர எப்படி மாத்துறது?" என்றார். ஒன்றில் மட்டும் உடனே சம்மதித்தார். கையேட்டிலிருந்த அந்த வரியை நீக்கி, வீட்டு நோய் விவரங்களை வகுப்பில் கேட்கக் கூடாது, சொல்ல விரும்புகிற பிள்ளை தனியாக வந்து சொல்ல வழி செய்ய வேண்டும் என்று சேர்த்தோம்.

அந்தப் பெண்ணின் அப்பாவை மார்க்கெட்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்குக் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், இறக்கிய மூட்டைகளுக்குக் காவல் இருக்கிற வேலை. டீ எதில் கொடுக்கிறார்கள் என்று நான் போனில் கேட்டேன். சிரித்தார். "வேலை குடுத்துட்டாகம்மா, அது போதும்" என்றார். மகளைத் திரும்பக் கூட்டி வருவீர்களா என்று கேட்டதற்கு, அவள் வரமாட்டேன் என்கிறாள் என்றார்.

அவன் அடுத்த ஆண்டும் தன்னார்வலனாக வந்தான். கொசுவாகப் பறக்கவில்லை. பிள்ளைகள் அவனிடம் முன்போல ஒட்டவும் இல்லை. அவனுடைய வகுப்புகளின் மதிப்பெண் நடுத்தரமாக இருந்தது.

மேலூரில் ஒரு பள்ளிக்கு வேலையாகப் போனபோது, அந்தப் பெண் படிக்கிற பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான் என்று தெரிந்தது. போயிருக்கக் கூடாது. அவளுக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன், என் மனம் ஆறுவதற்காகவே போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் மூன்று பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு வேகமாக வந்தாள்.

"உங்கப்பா நல்லா இருக்காரும்மா. உன்னாலதான்" என்றேன். நடந்து வரும்போது சேர்த்து வைத்திருந்த பேச்சில் அவ்வளவுதான் வாயில் வந்தது.

"தெரியும் மிஸ்." அவள் என்னைப் பார்க்கவில்லை, பின்னால் மரத்தடியைப் பார்த்தாள். "இங்க யாருக்கும் தெரியாது மிஸ். நீங்க பேசிட்டு நிக்கிறதப் பாத்தா கேப்பாங்க. நான் போறேன்."

ஓடிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண், "யாருடி அது?" என்று கேட்டது கேட் வரைக்கும் காதில் விழுந்தது.

"தெரியல. பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டாங்க" என்றாள் அவள், கொஞ்சமும் தடுமாறாமல்.